மூன்று கார்களும் நாலாவது ஆளும்

எனக்கு வயது எண்பத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதல் இரண்டும் என் நாத்தனாருடையவை. அவளுக்கு உடம்பு முடியாமல் போன வருஷங்களில் என் அடுப்படியில்தான் வளர்ந்தன. ஏழில் ஒன்றைக்கூட நான் பட்டினி போட்டதில்லை. ஒன்றைக்கூட அடுத்த வீட்டுக்காரி அடிக்க விட்டதுமில்லை. அடிப்பதாக இருந்தால் நான்தான் அடிப்பேன்.

படிப்பு எனக்கு அதிகம் கிடையாது. கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டில் ஊர்ப்பெயர் படிக்க வரும். ஜெபப் புத்தகத்தில் தெரிந்த ஜெபமாக இருந்தால் கடகடவென்று படித்துவிடுவேன். தெரியாத ஜெபமாக இருந்தால் கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறாள். ஆக்கட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த காரை என் வீட்டுக்காரர்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று செஞ்சியில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் பெற்றவர்களே அதைச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரிய மகன், "எங்க நைனா காத வச்சிக் கேட்டே எஞ்சின் எப்பிடின்னு சொல்லிடுவாரு. மூணு கார் பாத்தாரு, டக்குனு ஒண்ண எடுத்தாரு" என்று பாயசத்தோடு சேர்த்து அதையும் பரிமாறிக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதர் தங்கமானவர். மோட்சத்தில் இருக்கிறார். ஆனால் காரைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை.

நடந்தது அறுபதுகளில். அப்போது அவர் லாரி டிரைவர். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். செஞ்சியில் மல்லாட்டை மூட்டை ஏற்றினால் வடக்கே எங்கேயோ கொண்டுபோய் இறக்குவார். அங்கே வேறு எதையோ ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போவார். வீட்டுக்கு வரும்போது அவருடைய சட்டையில் எந்த ஊர்ப் புழுதி என்று எனக்குத் தெரியாது. துவைத்தால் தண்ணீர் ஒவ்வொரு தரம் ஒவ்வொரு நிறத்தில் போகும். என் மூன்றாவது பெண் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் என் மாமியாரின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "ஆயா, லாரிக்காரு வந்துக்கிறாரு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவுவார்.

அந்த வருஷம் லாரி முதலாளி ஒரு புது லாரி எடுத்தார். அதை வடக்கிலேயே வைத்து ஓட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரலாம் என்றார். அறுவடை மல்லாட்டை ஏற்றி முடிப்பதற்குள் பதில் சொல்லு என்று கெடு வைத்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு வேறு ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு சின்ன கார் வாங்கி செஞ்சியிலேயே வாடகைக்கு ஓட்டுவது. மேல்மலையனூர் அமாவாசைக்கு ஜனம் போகும், பிரசவ வலி வந்தால் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கோட்டை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ராத்திரி வீட்டுச் சோறு. நான் கேட்டதும் அது ஒன்றுதான்.

என் நகையும் அவர் சேர்த்ததும் சேர்ந்தால் ஒரு காருக்குத்தான் காணும். அது சொத்தைக் காராகப் போனால் அவர் திரும்பவும் வடக்கே போக வேண்டியதுதான். அதனால் கார் பார்க்க நானும் வருவேன் என்றேன். "உனக்குக் கார் பத்தி இன்னா தெரியும்?" என்றார். "நகை போற எடத்துக்கு நானும் போவேன்" என்றேன். 

நாங்கள் பார்த்த மூன்றும் ஒரே கம்பெனி. பெயர் வேண்டாம். நாலு பேர் உட்காரும் சின்ன கார். பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கும் என்று பெயர் எடுத்தது. சில வருஷத்துக்கு ஒரு தரம் கம்பெனிக்காரர்கள் அதன் மூக்கையும் முழியையும் மாற்றி விடுவார்கள். என் கணக்கில் அவை மூன்று தலைமுறை: ஒன்று மாமியார், ஒன்று நான், ஒன்று இனிமேல் வரப்போகிற மருமகள்.

மாமியார் கார் அவலூர்பேட்டையில் இருந்தது. அதைப் பார்க்க நான், அவர், எங்கள் தெருவில் ஒர்க்ஷாப் வைத்திருந்த மேஸ்திரி, மூன்று பேரும் கிளம்பினோம். வாசல் தாண்டுமுன் என் மாமியார் கையை நீட்டி மறித்தார்.

"மூணு பேராவா? நல்ல காரியத்துக்கா? நில்லுங்க."

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போக மாட்டார்கள். நாலாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒரு கல்லைக் கூட எடுத்துப்போவார்கள். கல்லும் ஓர் ஆள் கணக்கு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போய் நன்மை வாங்குகிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம்தான். இருந்தாலும் பங்குச் சாமியாருக்குத் தெரியாத சில பழக்கங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாமியார் கொல்லைக்குப் போய், உடைந்துபோன அம்மிக் குழவியின் பாதித் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் சிலுவை போட்டு என் பைக்குள் வைத்தார். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எம்மா, பொண்ணா பாக்கப் போறோம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வூட்டுக்கு ஒண்ணக் கொண்டாரப் போறீங்க இல்ல? வந்தா நாள் பூரா தீனி கேக்கும் இல்ல? அப்ப பொண்ணுதான்."

பஸ்ஸில் கண்டக்டர் என் பையைக் காலால் நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. "இன்னாமா லக்கேஜு?"

"லக்கேஜ் இல்ல. நாலாவது ஆளு."

எட்டிப் பார்த்தார். "அப்ப டிக்கெட் எடு. முழு டிக்கெட்டா அர டிக்கெட்டா?"

"பாதிக் குழவிதான். அர டிக்கெட்டு போடு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வேர்க்கடலைக் காட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவலூர்பேட்டைக் கார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கம்பவுண்டருடையது. மாட்டுக் கொட்டகையில் பாதி அவருடைய பசுவுக்கு, பாதி காருக்கு. உருண்டையாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் அதை எழுப்ப மனசில்லாமல், "முன்னாடி மட்டும் பாருங்களேன்" என்றார்.

நான் முதலில் பார்த்தது கதவை. அந்தக் கதவு மற்றக் கார்க் கதவு போல இல்லை. முன்பக்கம் பிடி, பின்பக்கம் கீல். திறந்தால் அலமாரி மாதிரி மறுபக்கம் விரியும். சேலை கட்டியவள் நேராகப் போய்த் திரும்பி நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம். இடுப்பில் பிள்ளை இருந்தாலும் குனிய வேண்டாம். இதை யோசித்துச் செய்தவனுக்கு வீட்டில் ஒரு கிழவி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தகரத்தை விரலால் தட்டினேன். அண்டா போலக் கனமாகச் சொன்னது. திரும்ப வேண்டும் என்றால் பக்கத்திலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீளும். அதை மூன்று தரம் நீட்டிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது தரம் உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது.

மேஸ்திரி முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினார். சுற்றினார், இருமினார், சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். கார் ஒரு தரம் உறுமி, கொட்டகை நிறையப் புகை விட்டது. பசு எழுந்து வெளியே போய்விட்டது. கோழி அசையவில்லை.

"ஒடம்பு இரும்பு. மூச்சுதான் இல்ல" என்றார் மேஸ்திரி. "எஞ்சின எறக்கி முழுசா பண்ணணும், டிரைவரே. பண்ணாலும் அமாவாசக் கூட்டத்துக்குத் தாங்காது."

என் மாமியாரும் அப்படித்தான், குணம் தங்கம், முழங்கால்தான் போய்விட்டது. அதற்காக அவரை நாற்று நட அனுப்ப முடியுமா? வேண்டாம் என்று வந்துவிட்டோம். வரும்போது கம்பவுண்டர் எனக்கு நாலு முட்டை கொடுத்தார். அந்தக் காரை மரியாதையாகப் பார்த்த ஒரே பொம்பளை நான்தான் என்றார்.

அடுத்தது மருமகள். செஞ்சியிலேயே ரைஸ் மில் முதலாளி புதுசு எடுத்திருந்தார். விற்கவில்லை, அதே போல ஒன்று வாங்குவதானால் எப்படி இருக்கும் என்று பார்க்க என் வீட்டுக்காரர் அனுமதி கேட்டிருந்தார். மாமியார் மறக்காமல் கல்லை என் பையில் வைத்தார். "மில்லு தெருக்கோடியிலதான் இருக்குது" என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு, "காரியம் முடியிற வரைக்கும் அது நம்ம ஆளு. நடுவுல வுட்டுட்டுப் போவக் கூடாது" என்றார் மாமியார்.

அழகு என்றால் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பால்கோவா நிறம். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. கதவெல்லாம் எல்லாக் காரையும் போலத் திறந்தது. சாவியைத் திருப்பினால் முனகாமல் எழுந்தது. சீட்டின்மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை.

முதலாளி வீட்டம்மா என்னை ஒரு சுற்று உட்காரச் சொன்னாள். சொல்லிவிட்டு, "தலையில எண்ண வச்சிருக்கியா?" என்றாள்.

"தெனமும் வைப்பேன்."

"அப்ப சாயாம உக்காரு."

சாயாமல் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் சூடு தொடையில் ஏறியது. வளைவில் கார் திரும்பியபோது உறை வழுக்கி நான் கதவோடு போனேன், பிரேக் போட்டபோது முன் சீட்டோடு போனேன். இறங்கும்போது தகரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பா சத்தம். "அய்யய்யோ, தட்டாத!" என்று கத்தினாள். பின்னால் சாமான் வைக்கிற இடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு மல்லாட்டை மூட்டைகூட முழுசாகப் போகாது என்று கண்ணாலேயே அளந்துகொண்டேன். எண்ணெய் வைக்காத தலையும் மூட்டை இல்லாத கையுமாக எங்கள் ஊரில் யார் வாடகைக் கார் கூப்பிடுவார்கள்?

ஆனால் என் வீட்டுக்காரர் வேறு உலகத்தில் இருந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த மனிதர் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மெதுவாக ஆரம்பித்தார். "புதுசே எடுத்தா இன்னா? கம்பெனில பேர் எழுதி வச்சிடலாம்."

"வச்சா எப்பக் குடுப்பாங்க?"

"ரெண்டு வருசம் ஆவலாம். மூணு ஆவலாம். அதுவரைக்கும் வடக்க லாரி இருக்கவே இருக்குது."

அன்று ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துபோய் இல்லை. அவரும் கேட்காமல் குடித்தார்.

மறுநாளே மேஸ்திரியைப் பார்த்து, மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் ஒருத்தி இருப்பாளே, அவளைத் தேடிப் பிடியுங்கள் அண்ணே என்றேன். அவர் திண்டிவனத்து புரோக்கர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். மல்லாட்டை அறுவடை பாதி முடிந்திருந்தது. லாரி முதலாளியின் ஆள் இரண்டு தரம் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போயிருந்தான்.

புரோக்கர் ஒரு காலையில் காரோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, காதில் சென்ட்டுப் பஞ்சு. கார் சாம்பல் நிறம். ஒரு வக்கீல் நாலைந்து வருஷம் ஓட்டியது. முகத்தில் அங்கங்கே கீறல். ஆனால் பழைய தகரத்தின் கனம் இருந்தது, புதுசின் மூச்சும் இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது நான் இருந்த மாதிரி இருந்தது.

"சும்மா தெருவச் சுத்துனா ஆவாது. என் தாய்வீட்டு வரைக்கும், தளவானூருக்கு ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

"அதுக்கு இன்னாமா, ராஜா மாதிரி நாலு பேரு உக்காருங்க" என்றார் புரோக்கர்.

நான் ஆட்களை ஏற்ற ஆரம்பித்தேன். பின் சீட்டில் மாமியார், நான், என் நாத்தனார். மடியிலும் காலடியிலும் பிள்ளைகள். எத்தனை என்று யார் எண்ணினார்கள்? முன்னால் மூன்று ஆண்கள். பின்னால் பெட்டியில் ஒரு மல்லாட்டை மூட்டை, அதன்மேல் என் அம்மா வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய பித்தளை அண்டா. என் கையில் பை. பைக்குள் புளிச்சோற்றுத் தூக்கும் நாலாவது ஆளும்.

புரோக்கரின் வாய் திறந்தது மூடவில்லை. "எம்மா, இது காருமா. மாட்டு வண்டி இல்ல."

"காது குத்தப் போறவங்க நாலு பேரா வருவாங்க? ஆடு கோழியோட வருவாங்க. அத இன்னும் ஏத்தல, சந்தோசப்படுங்க."

நாத்தனாரை நான் சும்மா கூட்டிப்போகவில்லை. அவளுக்குப் பஸ் ஹாரன் சத்தம் கேட்டாலே குமட்டும். எந்த வண்டியானாலும் முதல் திருப்பத்தில் தலையை வெளியே நீட்டிவிடுவாள். அவள் வயிறு தாங்குகிற காரை ஊரே தாங்கும். மேஸ்திரி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார், நான் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் திருப்பம் போனது. கோட்டை மதில் பின்னால் மறைந்தது. குண்டும் குழியும் வந்தன. என் வீட்டுக்காரர் பாதை பழகியவர், பதமாக ஓட்டினார். தளவானூர் எல்லையில் நாத்தனார் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணி, அந்தப் புளிச்சோறு எப்பத் தொறப்பீங்க?"

எனக்கு அப்போதே கார் முடிவாகிவிட்டது.

அவருக்கு முடிவாகவில்லை. அண்டாவை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது, "ஓட்டம் பரவால்ல. ஆனா பழசு பழசுதான்" என்று மேஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வந்ததுதான் வந்தோம், பனமலை ஏரிக்கரை மேட்டில் ஏறிப் பார்த்துவிடலாம் என்றார் மேஸ்திரி. தான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று புரோக்கர் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.

மேடு ஏறியது. அத்தனை பேரோடும் மூட்டையோடும் திணறாமல் ஏறியது. மேலே காற்று. ஒரு பக்கம் ஏரி நிறையத் தண்ணீர், அந்தப் பக்கம் பாறைமேல் கோயில். பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வந்தது. புரோக்கர் மூக்கு மேட்டைப் பார்க்க, முதுகு தண்ணீரைப் பார்க்க, சரிவில் காரை நிறுத்தினார். என் வீட்டுக்காரர், "இங்க வாணாம், சமமா நிறுத்துங்க" என்றார்.

"ஹேண்ட்பிரேக் போட்டுட்டேன் சார். மலையே நவுந்தாலும் இது நவுராது."

எல்லோரும் இறங்கினோம். மாமியார் மட்டும் இறங்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வரல. நான் இங்கியே குந்தியிருக்கிறன். சீட்டு நல்லா இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பத்தடி நடந்திருப்பேன். பின்னால் சரளைக் கல் நொறுங்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால் மலை நகரவில்லை, கார் நகர்கிறது. மெதுவாக, மாடு பின்வாங்குவதுபோல, ஏரியைப் பார்த்து. உள்ளே என் மாமியார், ஊஞ்சலில் இருப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு.

புரோக்கர் "ஐயோ வக்கீல் காரு!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டே, "கல்லு! கல்லப் போடுடா, கல்லு!" என்று கூவினார். லாரிக்காரர்கள் மேட்டில் வண்டி நழுவினால் கிளீனரைப் பார்த்து அப்படித்தான் கூவுவார்கள். இருபது வருஷப் பழக்கம். ஆனால் அங்கே கிளீனர் ஏது? நான்தான் இருந்தேன். கல் என் பையில் இருந்தது. கையை விட்டேன், முதலில் வந்தது புளிச்சோற்றுத் தூக்கு. அதை நாத்தனாரிடம் எறிந்துவிட்டுக் குழவியை இழுத்தேன். பக்கவாட்டில் ஓடி, பின் சக்கரத்துக்குப் பின்னால் உடைந்த பக்கம் தரையில் படும்படி வைத்துவிட்டு எட்டி விலகினேன். சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்தது, யோசித்தது, நின்றது.

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "என் கிளீனர் எவனும் இவ்ளோ சீக்கிரம் போட்டதில்லடி" என்றார்.

மாமியார் கண்ணைத் திறந்தார். "இன்னா, வூடு வந்துட்டமா?"

மேஸ்திரி காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "பிரேக் கம்பிதான் வுட்டுப்போயிருக்குது. ஒர்க்ஷாப்புல ஒரு பொழுது வேல, டிரைவரே. மத்ததெல்லாம் சுத்தம்."

ஆனால் என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "பாத்தியா? இதுக்குத்தான் பழசு வாணாம்னேன். எங்க அம்மா தண்ணியில பூட்டிருப்பாங்க. புதுசுக்குப் பேர் எழுதிட்டு நான் வடக்கயே போறன். முடிஞ்சிது." புரோக்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். சென்ட்டுப் பஞ்சு காதிலிருந்து எங்கேயோ விழுந்திருந்தது.

மாமியாரை இறக்கிவிடக் கதவருகே போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இன்னாடி சொல்றான்? லாரிக்கே போறேன்றானா?"

"ஆமா அத்தே."

"வண்டி எப்பிடி? உன் மனசுல பட்டதச் சொல்லு."

"நல்ல வண்டி அத்தே. ஒரு கம்பிதான் கோளாறு."

"அப்ப நான் எறங்கட்டா வாணாமா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எறங்காதீங்க அத்தே."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டின் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார். வந்து கூப்பிட்ட மகனிடம், "லாரிக்குப் போவ மாட்டேன்னு சொல்லு, எறங்குறேன். இல்லாட்டி இந்தப் பிளசர் காருலயே இருக்குறன். புரோக்கரு என்னத் திண்டிவனத்துக்கே இட்டுக்கினு போவட்டும். வக்கீல் வூட்டுல ஒருவேள சோறு போட மாட்டாங்களா?" என்றார்.

"எம்மா, எறங்கு. தமாசு பண்ணாத."

"நீ தமாசு பண்ற. வருசத்துக்கு ஒரு தரம் வர்றதுக்கு நீ இன்னா கோயில் தேரா?"

புரோக்கர் பதறிப்போய், "சார், ஆயாவ எறக்குங்க சார், பொழுது சாயறதுக்குள்ள வண்டிய வுடணும்" என்றார். "நீயே எறக்கிப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். புரோக்கர் ஜன்னல் பக்கம் குனிந்தார். என் மாமியார் ஒரு பார்வை பார்த்தார். புரோக்கர் நிமிர்ந்து ஏரியில் கொக்கு எண்ணப் போய்விட்டார்.

இந்தக் களேபரத்தில் என் மூன்றாவது பெண் முன் கதவு வழியாக ஏறி, டிரைவர் சீட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, நல்ல சத்தமாக, மரியாதையாகக் கேட்டாள்:

"லாரிக்காரே, ஹாரன் எங்க இருக்குது?"

மேஸ்திரி சிரித்தார். புரோக்கரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகம் கழுவ அங்கே கொல்லையும் இல்லை. நடந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்து, அவள் விரலைப் பிடித்து ஹாரன்மேல் வைத்தார். அவள் அமுக்கினாள். ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. திரும்பத் திரும்ப அமுக்கினாள். அவர் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அந்தக் கல்ல எடுத்து உள்ள போடு. வண்டிய வூட்டுக்கு ஓட்டறன்" என்றார்.

"லாரி?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"போவலமா. போதுமா? இப்பவாச்சும் எறங்குறியா?"

"வூட்டுக்குத்தானே போறோம்? அங்க போயி எறங்கிக்கறன்" என்றார் என் மாமியார்.

அந்த வாரமே மேஸ்திரி கம்பியை மாற்றிவிட்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அவர் போனதும் மேஸ்திரி தன் திருப்திக்கு நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினார். சாமியார் காருக்குள் எட்டிப் பார்த்தபோது முன் சீட்டுக் காலடியில் இருந்த குழவித் துண்டைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டிருந்தார். "ஸ்டெப்னி மாதிரி சாமி" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கல்லை நாங்கள் இறக்கவே இல்லை. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்தடிக்குப் போகும். மற்ற நேரம் காலடியில் இருக்கும். விஷயம் பரவிவிட்டது. பெண் பார்க்க மூன்று பேராகப் போகிறவர்கள் நாலாவது ஆளைத் தேடி அலைய வேண்டாம், அந்த டிரைவர் காரில் ஆள் தயாராக இருக்கிறது என்று தேடி வந்தார்கள். தை, வைகாசி முகூர்த்த நாளில் எங்கள் வாசலில் மூன்று மூன்று பேராக நிற்பார்கள். அந்தக் கல் எத்தனை சம்பந்தம் பேசி முடித்தது என்று கணக்கு வைத்திருந்தால் தரகு கேட்டிருக்கலாம்.

ஒருநாள் சந்தைத் தெருவில் யாரோ வீட்டு மாடு ரைஸ் மில் முதலாளியின் புதுக் காரில் முதுகைச் சொறிந்துகொண்டது. கதவு அப்பளமாக உள்ளே போய்விட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, "நான் அன்னைக்கே சொன்னேன், தகரம் மெலிசுன்னு" என்றார். நான் சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் நிமிரவில்லை. மூன்றாவது பெண் அவர் தொடையில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். சரி, சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே விட்டதுதான் இன்றைக்குக் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து நிற்கிறது.

போதும், கை வலிக்கும் உனக்கு. இப்போது முதலிலிருந்து படிச்சுக் காட்டு கண்ணு. நான் சொல்லாதது ஒன்று கூட இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். உன் பெரியப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். 'எறங்காதீங்க அத்தே' என்று வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.